அந்த ‘டொக்’ சத்தத்தை யாராவது கேளுங்களேன்

ஏழு மாதமாக என் கார் ஒரு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. காலையில் வாசலிலிருந்து பின்னால் எடுத்து, தெருவுக்குத் திருப்ப ஸ்டீரிங்கை ஒடிக்கும்போது முன்பக்கம் இடதுபுறம் கீழேயிருந்து ஒரு ‘டொக்’. நேராக்கும்போது இன்னொரு ‘டொக்’. பிறகு ஒரத்தநாடு சாலையில் வாய்க்கால் மதகுகளில் ஏறி இறங்கும்போதெல்லாம் அதே சத்தம். பெரிய சத்தமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வருகிறவருக்குக் கேட்காது. ஆனால் தினமும் போக வர அறுபது கிலோமீட்டர் அந்த ஸ்டீரிங்கைப் பிடித்திருக்கிற எனக்கு, அது காதில் விழுவதற்கு முன்பே உள்ளங்கையில் தெரிந்தது.

நான் தஞ்சாவூரில் இருக்கிறேன். ஒரத்தநாடு தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளியில் வேலை. உடன் வேலை பார்க்கும் இரண்டு ஆசிரியைகள் வண்டியில் வருவார்கள். அவர்களில் ஒருவரின் ஐந்து வயது மகளும் பின்சீட்டில் உட்கார்ந்து வருவாள். ஆடியில் தொடங்கிய சத்தத்தை மாசி வரைக்கும் மூன்று இடங்களில் ஏழு முறை சொன்னேன். ஏழு முறையும் பணம் வாங்கிக்கொண்டார்கள். ஒருவர்கூட வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை. என் ஆத்திரமெல்லாம் அதைப் பற்றித்தான்.

முதலில் சர்வீஸ் சென்டர். வேலைச் சீட்டில் ‘முன்பக்கச் சத்தம்’ என்று ஒரு வரி எழுதினார்கள். சாயங்காலம் வண்டி பளபளவென்று கழுவி வந்தது, ஆயில் மாற்றியிருந்தார்கள், சத்தம் அப்படியே இருந்தது. “ரோடு அப்படி இருக்கு மேடம், எல்லா வண்டியிலயும் வர்றதுதான்” என்றார் சீட்டு எழுதுகிற தம்பி. அடுத்த முறை, “ஓட்டிப் பாருங்கள்” என்று பிடிவாதமாக நின்றேன். ஒரு பையன் ஏறிப் புறவழிச்சாலையில் வழுவழுப்பான தாரில் இரண்டு கிலோமீட்டர் நேராக ஓட்டிவிட்டு வந்து, “ஒண்ணும் வரலையே” என்றான். திருப்பினால்தான் வரும், மேடு பள்ளத்தில்தான் வரும் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. மூன்றாவது முறை, “சார் நம்பர் குடுங்க மேடம், அவர்கிட்ட பேசிக்கிறோம்” என்றார்கள். என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஏழு மாதமாக அந்தச் சத்தத்தோடு போய்வந்தது நான். கையில் உணர்ந்தது நான். ஆனால் விளக்கம் மட்டும் வீட்டில் உள்ள ஆணுக்கு. பெண்கள் எத்தனை பேர் இதை அனுபவித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வண்டியைப் பற்றி நாம் சொல்கிற எதையும் புகாராகக்கூட எடுத்துக்கொள்வதில்லை, பயம் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள்.

இதற்கு நடுவில் இன்னொன்று சேர்ந்தது. நேரான சாலையில் போகும்போது ஸ்டீரிங் நடுவிலுள்ள சின்னம் லேசாக வலதுபக்கம் சாய்ந்து நின்றது. கையைத் தளர்த்தினால் வண்டி இடதுபக்கம் ஒதுங்கும். அறுபதைத் தாண்டினால், இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே போக வேண்டும். இதை ஒரு அலைன்மெண்ட் கடையில் சொன்னேன். வண்டியை மேடையில் ஏற்றினார்கள், சக்கரங்களில் கருவியை மாட்டினார்கள், திரையில் சிவப்பாக இருந்த எண்களைப் பச்சையாக்கினார்கள், தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். ஐந்நூறு ரூபாய். மூன்று வாரத்தில் சின்னம் மறுபடி சாய்ந்தது. திரும்பப் போனேன். மறுபடி பச்சை, மறுபடி ஐந்நூறு. மூன்றாவது முறையும் அதேதான்.

இந்த அலைன்மெண்ட் விஷயத்தில் எனக்கு வருகிற கோபம் ஐந்நூறு ரூபாய்க்காக இல்லை. முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று எந்த அளவுக்கு உள்நோக்கியோ வெளிநோக்கியோ நிற்க வேண்டும் என்பதைச் சரிசெய்வதுதான் அந்த வேலையில் முக்கியம். அதை எங்கே சரிசெய்கிறார்கள்? டை ராடு என்கிற கம்பியின் மரையைத் திருகி, அதன் நீளத்தைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்கிறார்கள். அந்தக் கம்பியின் முனையிலுள்ள மூட்டே லொடலொடவென்று ஆடினால், திரையில் தெரிகிற எண் அந்த நொடிக்கு மட்டும்தான் உண்மை. வண்டி மேடையை விட்டு இறங்கி முதல் பள்ளத்தில் விழும்போதே எண் மாறிவிடும். அதனால்தான் கருவியை மாட்டுவதற்கு முன்னால் டயர்க் காற்றைப் பார்க்க வேண்டும், சக்கரத்தைப் பிடித்து ஆட்டி மூட்டுகளில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். டை ராடைத் திருகுகிறவரின் கை, ஆடுகிற அந்த மூட்டுக்கு அரை அடிக்குள்தான் இருந்திருக்கும். மூன்று முறை அங்கே கை போயிருக்கிறது. ஒரு முறை பிடித்து அசைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அதற்குள் டயர் போய்விட்டது. பதினோராயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடிய முன்டயர்கள் இரண்டும், வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்தவை, உள்விளிம்பில் வழுக்கையாகிவிட்டன. டயர் கடையில், “காத்து சரியா அடிக்கல மேடம்” என்றார்கள். காற்றுக் குறைவென்றால் இரண்டு விளிம்பும் தேய வேண்டும், ஒரு விளிம்பு மட்டும் எப்படித் தேயும் என்று கேட்டேன். பதில் வரவில்லை, ஆனால் புது டயர் வந்தது. எட்டாயிரத்து நானூறு ரூபாய். டயர் தன் நோயை எழுதியே வைத்திருந்தது. உள்ளங்கையை டயரின் மேல் வைத்து உள்ளேயிருந்து வெளியே ஒரு முறை, வெளியேயிருந்து உள்ளே ஒரு முறை தடவினால், ஒரு திசையில் வழவழவென்றும் மறுதிசையில் ரம்பப் பல் போலவும் தட்டுப்படும். சக்கரம் நேராக உருளாமல், தேய்த்துக்கொண்டே போயிருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. டயர் விற்பதே தொழிலாக உள்ளவருக்கு இது தெரியாமல் இருக்குமா?

கடைசியில் மாசி மாதம், பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். தகரக் கூரை, இரண்டு வண்டிக்கு மேல் நிற்காது. எல்லோரும் ‘பாய்’ என்று கூப்பிடுகிற, அறுபது வயதைத் தாண்டிய மனிதர். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு கேட்டார்: “வண்டி நிக்கும்போது திருப்பினா வருதா, ஓடும்போது திருப்பினா வருதா, டீச்சரம்மா?” ஏழு மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் கேள்வி அதுதான். “ரெண்டுலயும் வருது பாய்.” “பிரேக் போட்டா?” “சில நேரம் ஒரு தடவை தட்டுது.” “சரி, நீங்க உள்ள உக்காருங்க.”

எஞ்சினை அணைக்கவில்லை. வண்டி தரையில் நாலு சக்கரத்திலும் நின்றது, கைப்பிரேக் இழுத்திருந்தது. ஸ்டீரிங்கை முழுதாகத் திருப்பாமல், நடுவிலிருந்து இந்தப் பக்கம் கால் சுற்று அந்தப் பக்கம் கால் சுற்று விட்டுவிட்டு ஆட்டச் சொன்னார். அவர் முதலில் கதவைத் திறந்து குனிந்து, பெடல்களுக்கு மேலே ஸ்டீரிங் தண்டிலுள்ள சிலுவை மூட்டில் கையை வைத்தார். “இங்க இல்ல.” பிறகு பானெட்டைத் திறந்து, ஷாக் அப்சார்பரின் தலைப்பகுதியில் விரலை வைத்தார். அங்கே பேரிங் போயிருந்தால் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு ‘டங்’கென்று விடுபடும், கையில் உதறல் தெரியும் என்றார். “இங்கயும் இல்ல.” பிறகு சாக்கை விரித்து, மேல்சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, தரையில் படுத்தார்.

அப்படி ஒருவர் படுத்ததைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

“இப்ப ஆட்டுங்க. இன்னும். இன்னும்.” பிறகு எழுந்து என்னைக் கூப்பிட்டார். அவர் ஆளை உள்ளே உட்கார வைத்து ஸ்டீரிங்கை ஆட்டச் சொல்லிவிட்டு, என் கையைச் சக்கரத்துக்குப் பின்னால் வைக்கச் சொன்னார். “இந்தக் கம்பிய ஒரு விரலாலயும் இந்தக் கைய ஒரு விரலாலயும் தொடுங்க டீச்சரம்மா. கம்பி போறப்ப கை கூடவே போவணும்.” கம்பி நகர்ந்தது. ஒரு கணம் கழித்துத்தான் சக்கரத்தோடு இணைந்த அந்த இரும்புக் கை நகர்ந்தது. அந்த ஒரு கணத்தில், என் இரண்டு விரலுக்கும் நடுவில், ‘டொக்’. ஏழு மாதமாக என் உள்ளங்கைக்கு வந்துகொண்டிருந்தது இங்கேயிருந்துதான்.

பாய் அதோடு நிற்கவில்லை. ஜாக்கி ஏற்றி, அடியில் முட்டுக் கொடுத்து, தொங்குகிற சக்கரத்தைக் கடிகாரத்தில் ஒன்பதும் மூன்றும் இருக்கிற இடத்தில் இரண்டு கையால் பிடித்து ஆட்டிக் காட்டினார். ஆடியது. அது டை ராடு எண்ட், அல்லது உள்ளே ரேக் எண்ட். பிறகு பன்னிரண்டும் ஆறும் இருக்கிற இடத்தில் பிடித்து ஆட்டினார். அதிலும் கொஞ்சம் ஆட்டம். அவர் ஆளைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார். ஆட்டம் நிற்கவில்லை. “பிரேக் மிதிச்சு ஆட்டம் நின்னா வீல் பேரிங். நிக்கலைன்னா லோயர் ஆர்ம்ல உள்ள பால் ஜாயிண்ட்.” கம்பி ஒன்றை அடியில் வைத்து நெம்பியதும் அந்த மூட்டு ஏறி இறங்குவது என் கண்ணுக்கே தெரிந்தது. மொத்தம் பதினைந்து நிமிடம். ஒரு ஜாக்கி, ஒரு கம்பி, ஒரு சாக்கு, இரண்டு ஆள். எந்தக் கணினியும் தேவைப்படவில்லை.

பிறகு பழைய மூட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். ஒரு கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிய இரும்புக் குண்டு, ஒரு கிண்ணத்துக்குள் அமர்ந்திருக்கிறது. குண்டிலிருந்து நீளும் காம்பு சக்கரத்தோடு சேர்கிறது. கிண்ணத்துக்குள் கிரீஸ். வாயை மூடி ஒரு ரப்பர் தொப்பி. நாம் ஸ்டீரிங்கைத் திருப்பினால் தண்டு சுழன்று, பல்சக்கரம் ரேக்கை இடமும் வலமும் தள்ளி, ரேக் டை ராடைத் தள்ளி, கடைசியில் அந்தக் குண்டு வழியாகத்தான் சக்கரம் திரும்புகிறது. என் வண்டியில் அந்த ரப்பர் தொப்பி ஒரு பக்கம் கிழிந்திருந்தது. அவ்வளவுதான் தொடக்கம். கிழிசல் வழியே கிரீஸ் வெளியே வந்தது, மண் உள்ளே போனது, ஐப்பசி மழையில் தண்ணீரும் போனது. மிச்சமிருந்த கிரீஸும் மண்ணும் கலந்து சாணைக்கல் மாதிரி அரைத்தது. குண்டைப் பெருவிரலால் தள்ளினேன், எந்தத் தடையும் இல்லாமல் சரிந்தது. புது மூட்டில் குண்டை அசைக்க என் இரண்டு கையாலும் முக்க வேண்டியிருந்தது.

“இது இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தா?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் ஒரு தகர டப்பாவைத் திறந்து இன்னொரு பழைய மூட்டை எடுத்தார். அதில் குண்டு கிண்ணத்தை விட்டு முழுதாக வெளியே வந்திருந்தது. யாருடைய வண்டி என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. டை ராடு எண்ட் கழன்றால் அந்தப் பக்கத்துச் சக்கரம் ஸ்டீரிங் பேச்சைக் கேட்காது, அதன் இஷ்டத்துக்குத் திரும்பும். லோயர் ஆர்ம் மூட்டுக் கழன்றால் சக்கரம் அப்படியே மடிந்து, வண்டியின் மூக்குத் தரையில் விழும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி பதினாறு மீட்டருக்கு மேல் போகிறது. எங்கள் சாலையில் ஒரு பக்கம் வாய்க்கால். அறுவடைக் காலமென்றால் மறுபக்கம் பாதி சாலைக்கு நெல்லைக் காயவைத்திருப்பார்கள், அதைத் துழாவிக்கொண்டு ஆட்கள் நிற்பார்கள். பின்சீட்டில் அந்தப் பெண்குழந்தை.

என் அப்பா தஞ்சாவூர் கார் ஸ்டாண்டில் வாடகை அம்பாசிடர் ஓட்டினார். மாதம் தவறாமல் வண்டியை கிரீஸ் அடிக்கக் கொண்டுபோவார். அந்த வண்டியின் முன்பக்க மூட்டுகளில் கிரீஸ் ஏற்ற நிப்பிள்கள் உண்டு. பள்ளத்தில் இறங்கி நிற்கிற ஆள், கிரீஸ் துப்பாக்கியை ஒவ்வொன்றிலும் வைத்து, பழைய கறுப்பு கிரீஸ் பிதுங்கிப் புதுசு எட்டிப் பார்க்கும்வரை அடிப்பார். அப்போதே கையால் அசைத்துப் பார்த்து, “அண்ணே, இடது பக்கம் லேசா ஆடுது, அடுத்த தடவ மாத்திடுங்க” என்பார். கிரீஸ் போடுகிற சாக்கில் ஒரு மனிதக் கண்ணும் கையும் மாதமொரு முறை வண்டியின் அடிவயிற்றுக்குப் போய்வந்தன. இன்றைய கார்களில் இந்த மூட்டுகளை மூடி முத்திரையிட்டுத் தருகிறார்கள், கிரீஸ் அடிக்க வேண்டியதில்லை. நல்ல முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதோடு சேர்ந்து, கீழே போய்ப் பார்க்கிற பழக்கமும் போய்விட்டது. கிரீஸ் அடிக்க வேண்டாம் என்பதைப் பார்க்கவே வேண்டாம் என்று எடுத்துக்கொண்டுவிட்டோம்.

பவர் ஸ்டீரிங்கும் இப்படித்தான். மாருதி 800-இன் பழைய வண்டிகளில் ஸ்டீரிங்கை முழுக்கக் கை பலத்தால்தான் திருப்ப வேண்டும். தோள் வலிக்கும், ஆனால் சாலையில் உள்ள கூழாங்கல்கூடக் கைக்குத் தெரியும். மூட்டில் ஆட்டம் வந்தால் அன்றைக்கே தெரியும். இப்போது மின்மோட்டார் நமக்காகத் திருப்புகிறது. ஒரு விரலால் திருப்பலாம். அந்தச் சுகத்தில், கீழேயிருந்து வருகிற சேதியில் பாதி நம் கைக்கு வந்து சேர்வதில்லை. வெளிச்சத்தம் கேட்காதபடி கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு, பாட்டும் போட்டுக்கொண்டால் மிச்சமும் போய்விடும். அதனால்தான் சொல்கிறேன்: வாரத்தில் ஒரு நாளாவது கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு, மதில் சுவர் ஓரமாக மெதுவாக ஓட்டுங்கள். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பிக் காதுக்கு வரும்.

இதில் அரசாங்கத்துக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. அதில் 98-ஆவது விதி ஸ்டீரிங்கைப் பற்றியது. ஸ்டீரிங்கில் வெற்று ஆட்டம் 30 பாகைக்கு மேல் இருக்கக் கூடாது. இணைப்புகளில் உள்ள எல்லாக் குண்டு மூட்டுகளுக்கும் ரப்பர் தொப்பி இருக்க வேண்டும். போல்ட்டுகளும் பின்களும் கழலாதபடி பூட்டியிருக்க வேண்டும். படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. என் வண்டியில் கிழிந்துபோன அந்தச் சின்ன ரப்பர் தொப்பி, நாட்டின் சட்டத்திலேயே இருக்கிறது. எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பார்க்கிறவர்கள் எங்கே?

சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். அதற்குப் பிறகுதான் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டித் தகுதி பார்த்து, ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். அதாவது, முதல் 15 ஆண்டுக்கு அந்த ரப்பர் தொப்பியை யாரும் கேட்க மாட்டார்கள். புகைச் சான்று கேட்கிறார்கள், காப்பீடு கேட்கிறார்கள், கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தால் அபராதம் போடுகிறார்கள். எல்லாம் தேவைதான். ஆனால் சக்கரம் வண்டியோடு சரியாக ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அந்த 30 பாகையும் எனக்கு நெருடுகிறது. கடிகாரத்தில் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் உள்ள தூரம் 30 பாகை. ஒரு சாதாரண கார் ஸ்டீரிங்கின் விளிம்பில் அளந்தால் ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல் வரும். பழைய லாரிகளை நினைத்து எழுதிய கணக்காக இருக்கலாம். இன்றைய சின்னக் காரில், சக்கரம் அசைவதற்கு முன் ஸ்டீரிங் விளிம்பு ஒரு விரற்கடைக்கு மேல் சும்மா நகர்ந்தாலே கொண்டுபோய்க் காட்ட வேண்டும். சட்டம் அனுமதிக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள்.

சாலையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வேகத்தடைக்கு அளவு வகுத்திருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், மணிக்கு 25 கிலோமீட்டரில் ஏறி இறங்கும்படி. எங்கள் சாலையில் ஊருக்கு இரண்டு வேகத்தடை. ஒரு முழ அகலத்தில், முட்டிபோல் நிற்கின்றன. கூண்டுச் சக்கரத்தோடு தார்ச்சாலையில் போகிற டிராக்டர்கள் விட்டுப்போகிற காயம் வேறு. குழாய் பதிக்கத் தோண்டி, மேலே மண்ணைத் தள்ளி மூடிய குறுக்குப் பள்ளங்கள் வேறு. ஒவ்வொன்றும் அந்த இரும்புக் குண்டைக் கிண்ணத்துக்குள் வைத்து அடிக்கிறது. சர்வீஸ் சென்டர் தம்பி சொன்னது போல ரோடு அப்படித்தான் இருக்கிறது. ரோடு அப்படி இருக்கிற ஊரில்தான் தம்பி, அடிக்கடி குனிந்து பார்க்க வேண்டும்.

பாய் கடையில் இரண்டு பக்கமும் டை ராடு எண்ட், இடதுபக்கம் லோயர் ஆர்ம் மாற்றினோம். பொருளும் கூலியும் சேர்த்து நாலாயிரத்து அறுநூறு ரூபாய். டை ராடு எண்ட் இரண்டுக்கும் சேர்த்து ஆயிரத்து முந்நூறுதான். இந்த ஆயிரத்து முந்நூறைச் செய்யாமல் விட்டதற்கு டயரும் வீண் அலைன்மெண்ட்டுமாக ஒன்பதாயிரத்து தொள்ளாயிரம் தண்டம் அழுதிருக்கிறேன். பொருள் வாங்கும்போது பாய் என்னையும் கடைக்கு அழைத்துப் போனார். அதே வண்டிக்கு, கால்வாசி விலையில், பெயரில்லாத டப்பாவில் ஒன்றை எடுத்து வைத்தார் கடைக்காரர். அதை வாங்குகிறவர்கள்தான் அதிகமாம். ஸ்டீரிங் பாகங்கள் செய்வதற்கென்று 1960-இலேயே சென்னையில் ரானே மெட்ராஸ் தொடங்கிய மாநிலம் இது. நல்ல பொருள் நம் ஊரிலேயே செய்கிறார்கள். பில்லோடு கிடைக்கும். அதை விட்டுவிட்டு, உள்ளே இரும்பா தகரமா என்று தெரியாத ஒன்றை, சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கிற இடத்தில் போய் மாட்டலாமா?

மாட்டும்போது இன்னொன்றைக் கவனித்தேன். மூட்டின் காம்பில் நட்டை முறுக்கியதும், அது கழலாமலிருக்கக் குறுக்கே ஒரு ஸ்பிளிட் பின்னைக் கோத்து மடக்கினார் பாய். அவருடைய ஆள், கழற்றிய பழைய பின்னையே நிமிர்த்திக் கொடுத்தான். பாய் வாங்கி வீசிவிட்டார். “ஒருக்கா மடக்கினத திரும்ப மடக்கினா முறிஞ்சிரும்டா. அஞ்சு ரூவா பின்னுடா அது.” சட்டம் ‘பூட்டியிருக்க வேண்டும்’ என்று சொல்வது இந்த ஐந்து ரூபாய்ப் பின்னைத்தான். உங்கள் வண்டியில் இந்த வேலை நடந்தால் பக்கத்தில் நின்று, புதுப் பின்னா என்று கேளுங்கள். சில வண்டிகளில் பின் இருக்காது, தானே பிடித்துக்கொள்ளும் நட்டு இருக்கும். அப்படியென்றால் நட்டு புதுசா என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிற மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள். எல்லாம் மாட்டி முடித்த பிறகு அலைன்மெண்ட் கட்டாயம் பார்க்க வேண்டும். அப்போதுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம். பாயே சொல்லி அனுப்பினார், நாலாவது முறையாகப் போனேன். சின்னம் இன்றுவரை நேராக நிற்கிறது.

சர்வீஸ் சென்டர் நடத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வேலைச் சீட்டில் கார் கழுவ ஒரு கட்டம் இருக்கிறது, உள்ளே வாசனை அடிக்க ஒரு கட்டம் இருக்கிறது, பாலிஷுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. டை ராடு எண்ட், ரேக் எண்ட், பால் ஜாயிண்ட், ரப்பர் தொப்பி இவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. என் சீட்டில் மூன்று முறையும் அந்தக் கட்டங்களில் ‘சரி’ என்று டிக் இருந்தது. பார்க்காமல் போட்ட டிக். பார்க்கவில்லை என்று வெறுமையாக விட்டிருந்தால் நான் வேறு இடத்துக்குப் போயிருப்பேன். அந்த மூன்று டிக்கை நம்பித்தான் ஏழு மாதம் ஓட்டினேன். லிப்ட்டில் ஏற்றிய வண்டியில் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்ட ஒரு நிமிடம் ஆகும். அந்த நிமிடத்தைச் செலவழிக்க உங்கள் பையன்களுக்கு நேரம் கொடுங்கள். ஒரு நாளைக்கு இத்தனை வண்டி முடிக்க வேண்டும் என்று அவர்களைத் துரத்தினால் அவர்களும்தான் என்ன செய்வார்கள்?

வண்டி வைத்திருக்கிறவர்கள், இன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். சமதளத்தில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்துக் கைப்பிரேக் போட்டு, எஞ்சினை ஓடவிடுங்கள். வீட்டில் ஒருவரை உட்கார வைத்து ஸ்டீரிங்கை நடுவிலிருந்து இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் வெளியே, முன்சக்கரத்தின் பக்கவாட்டில் தள்ளி உட்கார்ந்து கேளுங்கள். கையை உள்ளே விட வேண்டாம், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே வேண்டாம். ஸ்டீரிங் நகர்ந்தும் சக்கரம் நகராமல் நிற்கிறதா என்று பாருங்கள், ‘டொக்’ வருகிறதா என்று கேளுங்கள். பிறகு டார்ச் அடித்து, சக்கரத்துக்குப் பின்னால் அந்த ரப்பர் தொப்பி முழுதாக இருக்கிறதா, சுற்றி கிரீஸ் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். டயரைத் தடவிப் பாருங்கள். ஏதாவது ஒன்று தட்டுப்பட்டால், தரையில் சாக்கு விரித்துப் படுக்கிற ஒரு மெக்கானிக்கிடம் மறுநாளே கொண்டுபோங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அன்றைக்குப் பேருந்தில் அனுப்பிவையுங்கள்.